செல்லாத கை

கண்ணாடிக்குப் படத்தைத் தெரியாது. படத்துக்குக் கண்ணாடியைத் தெரியாது. இரண்டையும் அறிமுகம் செய்துவைப்பதுதான் நித்திலாவின் வேலை.

ஊர் ஊராகப் போவாள். அங்கே கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் திரையைத் துடைத்து, அதன் முகத்தில் தொடுகண்ணாடியை ஒட்டுவாள். கண்ணாடியிலிருந்து தொங்கும் வயரைப் பின்னால் செருகியதும் மூலைக்கு ஒன்றாக நான்கு புள்ளிகள் தோன்றும். ஒவ்வொன்றையும் தொட்டால், விரல் எங்கே படுகிறது, படம் எங்கே இருக்கிறது என்று கண்ணாடி கற்றுக்கொள்ளும். பிறகு சோதனைக்குப் பத்து முறை தொடுவாள். பத்தும் பதிந்தால் 'கருவி நன்றாக இயங்குகிறது' என்று சான்று. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு இதைச் செய்கிறோமே என்ற வருத்தம் முதல் மாதத்தோடு போய்விட்டது. அதிகம் பேச வேண்டாத வேலை. அதுவே அவளுக்குப் பெரிய நிம்மதி.

செம்மண்கொல்லை அவளுடைய அறுபத்திரண்டாவது ஊர். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், வழிநெடுக முந்திரித் தோப்பு. மறுநாள் அங்கே ஒப்புதல் நாள். ஊருக்கு அடியிலிருக்கும் தண்ணீரை முப்பது வருஷத்துக்கு ஒரு கம்பெனிக்குக் குத்தகை விடலாமா கூடாதா என்று ஊரார் ஒவ்வொருவரும் திரையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறானே என்று பயந்து தூக்கியவர்கள் உண்டு. அதனால்தான் இந்தத் தனி அறையும் திரையும் வந்தன. நல்ல ஏற்பாடு என்றுதான் நித்திலா நம்பியிருந்தாள்.

சமுதாயக் கூடத்தின் சாவியைக் கொண்டுவந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அஞ்சலாட்சி. முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை. கதவைத் திறந்துவிட்டுப் போகாமல், இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் அந்த மெஷினா? என்னமோ பெருசா வரும்னு இருந்தேன். எங்க பஞ்சாயத்து ஆபீஸ் டப்பாவுக்கே பவுடர் போட்டு வச்சிருக்க."

நித்திலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழசுதாங்க்கா. இப்ப தொட்டா புரிஞ்சுக்கும். அவ்வளவுதான்."

"தொட்டா புரிஞ்சுக்குமா? எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஒட்டிவிடு, புண்ணியமாப் போவும்."

நித்திலா ஒத்திகைத் திரையைப் போட்டுக் காட்டினாள். இரண்டு கட்டங்கள். பச்சையில் 'சம்மதம்', சிவப்பில் 'மறுப்பு'. தொட்ட கட்டம் பளிச்சென்று ஒளிரும். "நீங்களே தொட்டுப் பாருங்க."

அஞ்சலாட்சி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலைச் சிவப்பில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினாள். அடுத்த விரல், அதற்கடுத்தது, கட்டைவிரல். கட்டம் அப்படியே கிடந்தது.

"பாத்தியா. ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான். எனக்கு ரேகையே இல்லன்னுட்டான். கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குறோம்."

"இது ரேகையைப் பாக்காதுக்கா. கண்ணாடி மேல துளியூண்டு மின்சாரம் நிக்குது. விரல் பட்டா அதுல கொஞ்சம் உடம்புக்குள்ள இறங்கும். அது குறைஞ்ச இடத்தை வச்சுத்தான் தொட்டதைக் கண்டுபிடிக்குது."

"என் உடம்புல இறங்கலையா?"

நித்திலா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்கள் கறுத்து, புளியங்கொட்டை போலப் பளபளத்தன. முந்திரி ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலைச் சுடும். சுட்ட தோல் செத்து, அதன் மேல் மறுபடி சுட்டு, இருபது வருஷத்தில் விரலுக்கு ஓர் ஓடு முளைத்திருந்தது.

"வலிக்குமாக்கா?"

"மொத வருஷம் வலிச்சுது. இப்ப அடுப்புல கங்கு விழுந்தா கையாலயே எடுத்துப் போட்டுருவேன்."

விரலை ஈரப்படுத்தித் தொடச் சொன்னாள் நித்திலா. 'ஈரம். திரையைத் துடைக்கவும்' என்று எழுத்து வந்து எல்லாம் பூட்டிக்கொண்டது.

"சரி, விடு. நாளைக்கு உள்ள போய் நின்னு தொடறேன், பதியல. அதுக்கு என்ன கணக்கு?"

கேட்டவள் குரலில் சாதாரண ஆவல்தான் இருந்தது. நித்திலாவுக்கு விடை தெரியும். விதிப்புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறாள். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நாப்பத்தஞ்சு விநாடி பாக்கும். எதையும் தொடலன்னா, 'ஆட்சேபணை இல்லை'ன்னு போட்டுக்கும்."

"அப்படின்னா?"

"சம்மதத்தோட சேத்துருவாங்க."

அஞ்சலாட்சி திரையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். "ஊர்ல முன்னூத்தி நாப்பது ஓட்டு. எரநூறுக்கு மேல கொட்டை உடைக்கிற கை. அப்ப தண்ணி போயிருச்சுன்னு சொல்லு. நாளைக்கு எதுக்கு வரணும்?"

நித்திலா வெளியே போய் அலுவலகத்தில் இருக்கும் தீபனுக்குப் போன் போட்டாள். அவளுக்கு வேலை ஒதுக்குபவன் அவன். கெட்டவன் இல்லை. பஸ் தவறினால் சொந்தக் காசில் ஆட்டோ பிடித்துத் தருவான்.

"கண்ணாடியோட உணர்திறனைக் கூட்ட முடியுமா தீபன்?"

"முடியாது. தலைமை மையத்துலேயே பூட்டிட்டாங்க. போன மழைக்காலத்துல ஆளே இல்லாம தானாத் தொட்டுக்கிச்சு, ஞாபகமில்ல?"

"இங்க பாதிப் பேருக்கு மேல விரல் பதியாது."

"உன் விரல் பதியுதா?"

"பதியுது."

"அப்ப கருவி நல்லா இருக்கு. சான்றைப் போடு."

"நாம எப்பவும் நம்ம விரலாலதான் சோதிக்கிறோம் தீபன்."

"வேற யார் விரலால சோதிக்கிறது? நித்தி, அந்த நாப்பத்தஞ்சு விநாடி விதி ஏன் வந்துச்சு தெரியுமா? வந்து சும்மா நின்னுட்டுப் போறவங்களால ஒரு ஊர்ல ஆஸ்பத்திரி கட்ட ஒப்புதல் கிடைக்காம மூணு வருஷம் நின்னுபோச்சு. வேணாம்னா தொட்டுச் சொல்லட்டும். சொல்லலன்னா எதிர்ப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், நேற்று வரைக்கும்.

போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, தான் போய்வந்த ஊர்களின் முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லோரும் பார்க்கலாம், ஒளிவுமறைவு இல்லை. அவள்தான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் நிறைந்த நகர்ப்பகுதியில் 'ஆட்சேபணை இல்லை' பன்னிரண்டு. கல்குவாரி ஊரில் நூற்று எழுபது. செங்கல் சூளை ஊரில் இருநூற்றுப் பத்து. உப்பளத்து ஊரில் முன்னூற்றைம்பது பேர் வந்ததில் இருநூற்றுத் தொண்ணூறு.

உப்பளத்து ஊர் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒத்திகையின்போது ஒருவர் வந்து, "எனக்கு எடுக்கலைம்மா" என்றார். "நல்லா அழுத்தித் தொடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த ஊரின் கடற்கரை இப்போது ஊருக்குச் சொந்தமில்லை.

ஐந்து மணிக்குக் கொட்டகை விட்டதும் அஞ்சலாட்சி பதினைந்து பெண்களைக் கூட்டிவந்தாள். ஒருத்திக்கும் விரல் பதியவில்லை. சத்தியகலா என்று ஒருத்தி, எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்பவள், கோபத்தில் கையை மடக்கித் திரையைக் குத்துவதுபோல் சாய்த்தாள். மணிக்கட்டு பட்டது. சிவப்புக் கட்டம் பளிச்சென்று ஒளிர்ந்தது.

"அட!"

"விரல்லதாண்டி தோல் செத்துப்போச்சு. மத்த எடமெல்லாம் உயிரோடதான் இருக்கு" என்றாள் அஞ்சலாட்சி.

"எந்த எடம்னு கேட்டியா உன் வீட்டுக்காரர்கிட்ட?"

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. ஒருத்தி முழங்கையை வைத்தாள். ஒருத்தி கன்னத்தை. ஒருத்தி நெற்றியை முட்ட, சிவப்புக் கட்டத்தின்மேல் குங்குமம் அப்பியது. எல்லாம் வேலை செய்தது. நித்திலாவுக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வழி கிடைத்துவிட்டது. யாரிடமும் வாதாட வேண்டாம், சண்டை வேண்டாம். திரையைத் துடைத்துவிட்டுத் தன் விரலால் பத்து முறை தொட்டாள். பத்தும் பதிந்தது. அறுபத்திரண்டாவது சான்றையும் போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒப்புதல் அலுவலர் மதிவாணன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பட்டியல் காட்டும் மின்பலகை. திரையைச் சுற்றி அட்டையால் அடைத்த சின்ன அறை. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாசலில் இருந்த கேமரா முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னது. வெளியே வந்த பெண்கள் நித்திலாவைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். சத்தியகலா வந்து, "மெஷினுக்கு முத்தம் கொடுத்துட்டு வந்திருக்கேன், சார்கிட்ட சொல்லிராத" என்றாள்.

பதினொரு மணிக்கு மதிவாணனின் பலகையில் இடைக்கணக்கு வந்தது. வந்தவர்கள் எண்பத்தாறு. சம்மதம் பதினைந்து. மறுப்பு எட்டு. ஆட்சேபணை இல்லை அறுபத்து மூன்று.

நித்திலா எட்டிப் பார்த்தாள். "சார், இது எப்படி? திரை ஒளிர்ந்துச்சே."

"திரை ஒளிரும்மா. மையத்துல எடுத்துக்கணுமே." அவர் பலகையை அவள் பக்கம் திருப்பினார். கீழே பொடி எழுத்தில் இருந்தது: விரல் நுனியின் அளவிலும் வடிவிலும் இல்லாத தொடுதல்கள் தற்செயலானவையாகக் கருதி நீக்கப்பட்டன.

"ஒத்திகையில வரலையே சார்."

"ஒத்திகையில மையத்தோட தொடர்பு கிடையாதே. உள்ளங்கை தெரியாமப் பட்டுட்டா அதை ஓட்டாக் கணக்கு வைக்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. ஏன், எல்லாரும் என்ன பண்ணாங்க?"

வரிசையில் நின்ற அஞ்சலாட்சிக்குக் காது கூர்மை. அவள் முன்னால் வந்தாள். "மணிக்கட்டால தொட்டோம் சார். நெத்தியால முட்டினோம். வேணாம்னு சொல்றதுக்கு. அதையா தற்செயல்ங்கறீங்க? தெரியாமத்தான் எங்க ஊரே போய் முட்டிக்கிச்சா?"

"விரலால தொடுங்கம்மா."

"விரல் இல்லையே சார்!" பத்து விரலையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா கருவி சரியா இருக்குன்னு சான்று இருக்கு. சான்று இருக்கற வரைக்கும் நான் நிறுத்த முடியாது. என் கையில ஒண்ணும் இல்ல."

சான்று யாருடையது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நித்திலாவைப் பார்த்தார்கள். நேற்று சிரித்த முகங்கள்தான். அஞ்சலாட்சி மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் நித்திலாவால் தாங்க முடியவில்லை.

கல்லூரியில் கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து சொல்லாமல் உட்கார்ந்திருந்தவள் அவள். நான்கு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது இருநூறு பேர் பார்க்கிறார்கள்.

"அந்தச் சான்றை நான் திரும்ப வாங்கிக்கறேன் சார்."

மெல்லத்தான் சொன்னாள். மதிவாணனுக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?"

"சான்றைத் திரும்ப வாங்கறேன். கொடுத்தவங்க வாங்கலாம்னு விதியில இருக்கு. மறுபடி சோதனை பண்ணணும். பத்துத் தொடல்."

"பண்ணுங்க. உங்க விரல்ல பத்தும் பதியப் போகுது."

"என் விரல் இல்ல சார். 'பயனர் ஒருவர்'னுதான் போட்டிருக்கு. சோதிக்கிறவர்னு எங்கயும் இல்ல." அவள் திரும்பினாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "அக்கா, வாங்க."

மதிவாணன் அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பேசினார். "என் பொண்ணு வயசு இருக்கும் உனக்கு. யோசிச்சுக்கோ. நேத்து நல்லா இருக்குன்னு போட்டவ நீ, இன்னைக்கு இல்லைன்னும் நீயே போடறே. பொய்ச் சான்றுன்னு வரும். இதோட நிக்காது. இதே கண்ணாடி எங்கெங்க ஒட்டினியோ அத்தனையும் கிளறுவாங்க. எத்தனை ஊரு?"

"அறுபத்தொண்ணு."

"அத்தனையும் உன் தலையிலதான் விழும். கம்பெனி தலையில விழாது, என் தலையிலயும் விழாது."

"விழட்டும் சார். நான் தொட்டது பதிஞ்சதாலதானே அவங்க தொட்டது பதியாமப் போச்சு."

அட்டை அறையைப் பிரித்துத் திரையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். அஞ்சலாட்சி வந்து நின்றாள். சேலையில் விரலைத் துடைத்தாள். திரையின் நடுவில் ஒரு வட்டம் தோன்றியது.

"தொடுங்கக்கா."

தொட்டாள். பதியவில்லை.

"ஒண்ணு!" என்றாள் சத்தியகலா, ஏலக்கடைக்காரனைப் போல.

வட்டம் வேறு இடத்தில் தோன்றியது. அடுத்த விரல். பதியவில்லை. "ரெண்டு!" என்று இப்போது நான்கைந்து குரல்கள். மூன்று, நான்கு என்று கூடமே எண்ணத் தொடங்கியது. வாசலில் நின்ற ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏழாவது தொடலில் அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ கவுண்டரில் இதே விரலை நீட்டிக் கூசி நின்றவள், முதன்முறையாக அது பதியாமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொட்டாள்.

"பத்து!"

பதிந்தவை: பூஜ்யம். கருவி தகுதியற்றது. நிகழ்வு நிறுத்தப்படுகிறது.

கூச்சல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மதிவாணன் பலகையை மடக்கிப் பையில் வைத்தார். "ஜெயிச்சுட்டோம்னு நெனைக்காதீங்க. மூணு மாசத்துல மறுபடி தேதி வரும். வேற கண்ணாடியோட வருவாங்க."

"வரட்டும் சார்" என்றாள் சத்தியகலா. "நாங்க எங்கயும் போவல. தண்ணியும் இங்கதான் இருக்கும்."

மதிவாணன் ஜீப்பில் ஏறும்போது நித்திலாவைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே தீபன் கூப்பிட்டுவிட்டான்.

"என்ன பண்ணி வச்சிருக்க? உனக்கு எதிரா நீயே சாட்சி சொல்லியிருக்க. நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. வழக்கு வந்தாலும் வரலாம்."

"தெரியும் தீபன். ஒண்ணு கேக்கணும். பழைய ஊர்கள்ல மறுசோதனை வேணும்னா யார் கேக்கணும்?"

மறுமுனையில் பெருமூச்சு. "அந்த ஊர்க்காரர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தாப் போதும். ஒரு வருஷத்துக்குள்ள. நான் சொன்னேன்னு சொல்லாதே."

மூன்று மணி பஸ்ஸுக்கு அவள் நிழற்குடையில் வந்து உட்கார்ந்தபோது, அஞ்சலாட்சி ஒரு பொட்டலத்தில் முந்திரிப்பருப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சத்தியகலா.

"வீட்டுக்கா கண்ணு?"

"இல்லக்கா. உப்பளத்து ஊருக்கு. அங்க ஒருத்தர் எனக்கு எடுக்கலைம்மான்னு சொன்னார். நான் நின்னு கேக்கல."

"போய் என்ன சொல்லுவ?"

"உங்க கை பதியலை, எழுதிக் கொடுங்கன்னு சொல்லுவேன்."

அஞ்சலாட்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நித்திலாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெத்தென்றிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நம்ப மாட்டாங்க."

"ஏன்?"

"கை பதியாதவங்க மெஷின்ல குத்தம்னு நெனைக்க மாட்டாங்க கண்ணு. நம்ம கையிலதான் குத்தம்னு வெளிய சொல்லாம இருந்துருவாங்க. நானும் நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். நீ இந்தப் பூ மாதிரி விரலை வச்சுக்கிட்டுப் போய் எதைச் சொன்னாலும், வந்துட்டா சொல்லிக்காட்டன்னு கதவைச் சாத்துவாங்க. இந்த மாதிரி ஒரு கை வந்து சொல்லணும்."

தன் கறுத்த விரல்களை விரித்துக் காட்டினாள்.

"உங்களுக்கு வேலை இருக்கேக்கா."

"கொட்டை எங்க ஓடிப்போவுது? எத்தனை ஊருன்ன?"

"அறுபத்தொண்ணு."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அஞ்சலாட்சி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஏ சத்தியா, ஓடிப் போய் என் வீட்டுக் கொடியில காயுற சேலை ரெண்டையும் உருவிக்கிட்டு வா. வண்டியை நான் நிறுத்தி வைக்கிறேன்."

"மேஸ்திரி கேட்டா எப்ப வருவேன்னு சொல்றது?"

"அறுபத்தொரு ஊரும் முடிஞ்சதும் வருவேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி சாலையின் நடுவில் போய் நின்று, வருகிற பஸ்ஸுக்கு நேராகத் தன் கையை நீட்டினாள்.